மறு: கேஷ் – வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நம் பாடத்தில் வரும் கேஷ் (cache), அதாவது மறுபடி கேட்டால் உடனே தருவதற்காகக் கணினி ஒரு நகலை எடுத்து வைக்கும் இடம், அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> கரப்பகம் என்பதே சரி. பிரெஞ்சு மூலத்துக்கு ஒளித்தல் என்று பொருள். கரத்தல் அதற்கு நேர் தமிழ்.

கிண்டி ஐயா சொல்லும் வேர் சரிதான். ஆனால் 'இரவு' அதிகாரத்தைப் பாருங்கள், குறள் 1051 முதல். கரப்பு என்றால் கையில் வைத்துக்கொண்டே கேட்டவருக்கு இல்லை என்பது. நாம் பேசுவதோ கேட்டவுடன் கொடுக்கவென்றே எடுத்து வைத்தது. ஒரு பாட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் கரந்துறைபாட்டு வரை போன ஐயாவின் மூன்று மடல்களையும் ரசித்துப் படித்தேன். தரமணி வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது பிள்ளைகள் காதில் கரப்பான்பூச்சிதான் விழுந்தது.

அக்கா சொன்ன 'தேக்ககம்' புழலும் பூண்டியும் தெரிந்த நம் ஊரில் உடனே பிடிபடும். ஆனால் இதில் எதுவும் தேங்குவதில்லை. இடம் நிரம்பினால் நெடுநேரம் யாரும் தொடாதது வெளியே போய்விடும்.

அப்புறம், பாடத்தில் இருப்பது ஒரே கேஷ் அல்ல, இரண்டு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஒவ்வொரு ஷார்டும் (தரவைப் பிரித்து வைத்த துண்டு) ஒரு வினவலுக்குத் தன் பங்கு விடையை வைத்துக்கொள்கிறது. ஆவணங்களைக் கேட்காமல் எண்ணிக்கையும் தொகுப்புக் கணக்கும் மட்டும் கேட்கும் வினவலுக்குத்தான் இயல்பாக இது நடக்கும். தரவு மாறி ஷார்டு புதுப்பிக்கப்பட்டதும் அந்த விடை செல்லாது. இன்னொரு கேஷ், பல ஷார்டுகளைத் தாங்கும் நோட் (ஒரு சர்வர்) முழுவதற்கும் பொது. அது விடையை வைப்பதில்லை. ஒரு வடிகட்டலுக்கு எந்த ஆவணங்கள் பொருந்தின என்ற பட்டியலை, ஷார்டுக்குள் இருக்கும் செக்மென்ட் என்ற சிறு பகுதிகள் வாரியாக வைக்கிறது. எழுதி முடித்த செக்மென்டில் புதிதாக எதுவும் சேராது. ஆகவே புது ஆவணங்கள் வந்தாலும் பட்டியல் பிழையாகாது. செக்மென்டுகள் இணைக்கப்படும்போது பழையவற்றோடு அதுவும் போகும். முன்னதற்கு, மென்பொருளுக்கு ஒதுக்கிய ஹீப் நினைவகத்தில் 1%, பின்னதற்கு 10% என்பது இயல்பு அமைப்பு.

ஆக, முன்னொட்டு ஏற்கும் சொல் வேண்டும். என் முன்மொழிவு 'கையிருப்பு': விடைக் கையிருப்பு, வடிகட்டல் கையிருப்பு. மளிகைக் கடையில் அன்றாடம் புழங்கும் சொல், விளக்கவே வேண்டாம்.

> கையிருப்பு கணக்குப்பதிவியல் சொல். தவிர, கடையில் இருப்பது சரக்கேதான், சரக்கின் நகல் அல்ல.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. நேற்றிரவு முழுக்க யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் 'நகலிருப்பு' என்று திருத்தினால் மூலத்தின் நகலான ரெப்ளிகா ஷார்டோடு குழம்பும். அந்தக் குழப்பம் இதைவிடப் பெரிது.

பாடத்தில் 'காலாவதி' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிடுவோம். நாள் கடந்ததால் அல்ல, தரவு மாறியதால்தான் விடை தள்ளப்படுகிறது. 'செல்லாதாக்கல்' போதும். பிள்ளைகள் கேஷைக் காசு என்றே எழுதுகிறார்கள். செல்லாக்காசு அவர்களுக்குத் தானாகவே புரிந்தது.

இதுவரை கையிருப்புக்கு ஐந்து பேர், தேக்ககத்துக்கு இருவர், கரப்பகத்துக்கு ஐயா ஒருவர். வியாழன் காலை அச்சுக்குக் கொடுக்கிறேன். ஐயாவின் சொல்லும் காரணமும் அடிக்குறிப்பில் வரும். அதற்கான இரண்டு வரிகளை அவரே எழுதி அனுப்பினால் நல்லது.