‘இரேசர்ஹெட்’ பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, டேவிட் லிஞ்ச்சின் முதல் முழுநீளப் படமான ‘இரேசர்ஹெட்’ (1977) பார்த்து முடித்தேன். கதை ஒரு வரிதான்: ஹென்றி என்ற அப்பாவி, அவன் தலையில் வந்து விழும் விநோதமான குழந்தை. ஆனால் ரேடியேட்டருக்குள் நின்று பாடும் பெண்ணை என்னவென்று எடுத்துக்கொள்வது?

தகப்பனாவதன் பயம்தான் படம் என்று பலரும் சொல்கிறார்கள். அது குழந்தைக்குப் பொருந்துகிறது, சரி. ஆரம்பத்தில் ஒரு கிரகத்துக்குள் உட்கார்ந்து நெம்புகோல்களை இழுக்கிறானே ஒருவன், அவன் யார்? ஹென்றியின் விதியா, மனசாட்சியா? இயக்குநரோ கடைசிவரை விளக்கம் சொல்ல மறுத்தே போய்ச் சேர்ந்தார்.

படம் முழுக்க ஓயாமல் ஒரு இயந்திர இரைச்சல். எனக்குக் காட்சிகளைவிட அதுதான் அதிகம் கலக்கியது. ஹெட்போனில் பார்த்ததாலோ என்னவோ!

இன்னொன்று: மாயா டெரனின் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ (1943), புனுவெல்லும் டாலியும் எடுத்த ‘அன் ஷியன் அந்தலு’ (1929) இரண்டும் இதேபோல் கனவு மாதிரி நகரும் குறும்படங்கள்தானே, அவற்றைப் பார்த்துவிட்டு இதற்குத் திரும்பினால் பிடிபடுமா? இல்லை, அர்த்தம் தேடாமல் கனவு மாதிரி விட்டுவிட வேண்டுமா?

உங்கள் வாசிப்பைச் சொல்லுங்கள். ‘முடிவு விளக்கம்’ வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.