மெய்நிகர் கணினிக்கு முழுக் கெர்னல் தேவையா?

கல்தூண் எழுதியது:
எங்கள் மெய்நிகர் கணினிகள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகள்) எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸின் பொதுவான கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியே, ஓடுகிறது. புளூடூத்தும் ஒலி அட்டையும் ஒருபோதும் இருக்கப்போகாத ஓர் இடத்துக்கு, அவற்றை இயக்கும் நிரல்களான இயக்கிகளையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்? மெய்நிகர் சாதனங்களுக்கான தரமான விர்ட்டியோ வழியாக ஒரு வட்டும் ஒரு வலை இணைப்பும், பிழை பார்க்க ஒரு சீரியல் கன்சோலும் இருந்தால் போதும். அமேசான் 2018இல் திறமூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் ஏறத்தாழ இவ்வளவு சாதனங்களையே காட்டுகிறது. சுருக்கிய கெர்னலைக் கொண்டு 125 மில்லிநொடிக்குள், கெர்னலுக்குப்பின் முதலில் ஓடும் இனிட் நிரலைத் தொடங்குவதை அது தன் வரையறையாகவே வைத்திருக்கிறது.

ஆலமரம் எழுதியது:
நான் உடன்படவில்லை. அந்த இயக்கிகளில் பெரும்பாலானவை மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்வரை வட்டில் கிடக்கும் கோப்புகள். அவற்றை நீக்குவதால் நினைவகம் ஏதும் மிச்சமாகாது. ஃபயர்கிராக்கர் சில நொடிகளே வாழும் பணிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாதக்கணக்கில் ஓடும் தரவுத்தளத்துக்கு, தொடங்கும் நேரத்தில் ஒரு நொடி குறைந்து என்ன பயன்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தாமே கெர்னலைச் சுருக்கிக் கம்பைல் செய்துவிட்டு (மூல நிரலிலிருந்து உருவாக்கிவிட்டு) வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட அதில் ஏறவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கல்தூண் எழுதியது:
நினைவகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வட்டில் கிடக்கும் மாட்யூல் சும்மா கிடப்பதில்லை. டிசிசிபி என்ற வலை நெறிமுறையில் 2017இல் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நெறிமுறை 2005இலிருந்தே லினக்ஸில் இருந்தது. பயன்படுத்தியவர்களோ மிகச் சிலர். ஆயினும் சிறப்பு உரிமை எதுவும் இல்லாத ஒரு பயனர் அவ்வகைச் சாக்கெட்டை (வலைத்தொடர்பு முனையை) திறந்தாலே கெர்னல் தானாக அந்த மாட்யூலை ஏற்றிக்கொள்ளும், அதன் வழியாக ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமையைக் கைப்பற்ற முடியும் என்ற நிலை பல கணினிகளில் இருந்தது. அதைச் சேர்க்காமல் கம்பைல் செய்தவர்களுக்கு அன்று எந்த வேலையும் இருக்கவில்லை.

ஆலமரம் எழுதியது:
அதற்கு முழுக் கெர்னலையும் மாற்ற வேண்டியதில்லை. தேவையான மாட்யூல்கள் ஏறி முடிந்தபின் கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோலில் 'மாட்யூல்ஸ் டிசேபிள்ட்' என்பதை 1 ஆக்கினால், மறுபடி தொடங்கும்வரை புதிதாக எதுவும் ஏறாது.

தறி எழுதியது:
இருவரும் டெபியனின் 'கிளவுட்' கெர்னல் தொகுப்பைப் பற்றிப் பேசவில்லையே. மேகக் கணினிகளுக்குத் தேவையற்ற வன்பொருள் இயக்கிகள் இல்லாமலேயே அது வருகிறது. திருத்தங்களை டெபியன் குழுவே தருகிறது. தாமே சுருக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கெர்னலைச் சுருக்க உதவும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை, அந்தக் கணத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். கொள்கலன்களை ஓட்டும் மென்பொருளான டாக்கர் ஓடாத நேரத்தில் அதை இயக்கியதால் எனக்கு, டாக்கருக்குத் தேவையான ஓவர்லே கோப்பமைப்பு விடுபட்டுப்போய், ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று.

கல்தூண் எழுதியது:
தரவுத்தளங்களுக்கு அந்தத் தொகுப்பையே வைக்கிறேன். சில நிமிடங்களில் உருவாகி அழியும் சோதனைக் கணினிகளுக்கு மட்டும், மாட்யூல் வசதியே இல்லாமல் நான் கம்பைல் செய்த கெர்னல் ஓடும்.

ஆலமரம் எழுதியது:
அப்படியானால் திருத்தம் வரும்போதெல்லாம் அதைத் தானாகக் கம்பைல் செய்யும் ஏற்பாட்டை முதலில் அமையுங்கள்.