'ஐ ஹேவ் எ டவுட்' – தப்பா, தப்பில்லையா?

மணல்கடிகை:
வெளிநாட்டுக் குழு ஒண்ணு எங்களுக்கு ஒரு பம்ப் டிராயிங் அனுப்பியிருந்தாங்க. சில அளவுகள் புரியல. 'வீ ஹேவ் எ ஃப்யூ டவுட்ஸ் அபௌட் யுவர் டிசைன்'னு ஆரம்பிச்சு, கீழே ஆறு கேள்வி போட்டு மெயில் அனுப்பினேன். மறுநாள் அவங்க மேனேஜரே போன்ல வந்துட்டார். டிசைன்ல எங்களுக்கு எங்கே நம்பிக்கை இல்லைன்னு கேக்கறார்! குறை எதுவும் சொல்லல, புரியாததைத்தான் கேட்டோம்னு விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்துலேருந்து டவுட் கேட்டே வளர்ந்தவன் நான். இது தப்பான இங்கிலீஷா?

பழையபேனா:
தப்புதான், தம்பி. 'ஹேவ் டவுட்ஸ் அபௌட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் 'இதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்று பொருள். அவர் போன் செய்ததில் வியப்பில்லை.

நம் இலக்கணத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் அறியா வினா ஒன்று, ஐய வினா இன்னொன்று. 'இச்செய்யுளின் பொருள் யாது?' என்று மாணவன் கேட்பது அறியா வினா. 'அங்கே கிடப்பது பாம்போ, கயிறோ?' என்பது ஐய வினா. ஆங்கிலத்து டவுட் இரண்டாவதைச் சேர்ந்தது. மனத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு கருத்து இருக்க வேண்டும், அது ஆட வேண்டும். உங்கள் ஆறு கேள்வியும் அறியா வினா. அவற்றுக்கு 'க்வெஸ்டின்' போதும்.

குறுக்குச்சால்:
ஐயா, ஒரு கேள்வி. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து 'சார், ஒரு சந்தேகம்' என்றால், 'உட்கார், அது அறியா வினா' என்றா சொல்வீர்கள்? தமிழில் சந்தேகம் எப்போதோ அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தத் தமிழைப் பேசுகிறவன் வாயில் டவுட்டும் தாண்டும்.

நாம் மட்டும் செய்கிற கூத்தும் இல்லை இது. ஸ்பானியக்காரர் கேள்வி கேட்கும்முன் 'தெங்கோ உனா தூதா' என்பார். போர்த்துகீசியத்தில் 'தூவிதா'வும் அப்படித்தான். ஆங்கில டவுட் உட்பட மூன்றுமே 'துபிதாரே' என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், மூன்றாவது கேட்டால் மட்டும் குற்றமா?

பழையபேனா:
ஸ்பானியக்காரருக்கு ஸ்பானியத்தில் எழுதினால் குற்றமில்லை. மெயில் யாருக்குப் போகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

தூறல்:
எனக்கு ஒரு டவுட் (மன்னிக்கவும், க்வெஸ்டின்). டவுட் ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு 'பி' சும்மா உக்காந்திருக்கே, அது எதுக்கு?

குறுக்குச்சால்:
அலங்காரத்துக்கு. பழைய பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இல்லை. லத்தீன் மூலம் தெரியட்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு நுழைத்தார்கள். கடனுக்கான 'டெட்' சொல்லிலும் இதே கைவரிசைதான். உச்சரிப்பவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

இடைச்சொல்:
மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுவது ஆபத்தில்லாத டவுட்டுக்காக. பெயர்ச்சொல்லாக வந்தால் மிஞ்சிப்போனால் ஒரு போன் வரும், விளக்கிவிடலாம். வினைச்சொல்லாக வரும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

'ஐ டவுட் ஹி டுக் தி கீ.' இதற்கு என்ன பொருள்? 'சாவியை அவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்' என்று எழுதியவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிலேயே பலர். நேர் எதிர்! 'அவர் எடுத்திருப்பார் என்று தோன்றவில்லை' என்பதே பொருள். குற்றமற்றவர் என்று சொன்ன ஆளைத் திருடனாக்கிவிடுவோம். அவர்மேல் சந்தேகம் என்று சொல்ல ஆங்கிலத்தில் 'சஸ்பெக்ட்' தனியாக இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம் நம் சந்தேகத்துக்கு இரண்டு முகம் இருப்பது. 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார் என்ற பக்கம் சாய்கிறோம். 'அவர் வந்திருப்பாரோ என்று சந்தேகம்' என்றால் வந்திருப்பார் என்ற பக்கம். அந்த ஒற்றை 'ஓ' சாய்வையே மாற்றிவிடுகிறது. ஆங்கில டவுட்டில் தொங்கவிட அந்த 'ஓ' கிடையாது. அது எப்போதும் 'இல்லை' பக்கமே சாயும்.

குறுக்குச்சால்:
'எப்போதும்' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்காட்லாந்தில் 'ஐ டவுட் இட்'ல் ரெயின்' என்றால் மழை வரும்போலிருக்கிறது என்று பொருள். முன்னொரு காலத்தில் ஆங்கில டவுட்டுக்கு அச்சம் என்ற பொருளும் இருந்தது. அதன் உறவான 'ரிடௌட்டபிள்' இன்றும் 'அஞ்சத்தக்க' என்றே நிற்கிறது. பிரெஞ்சில் 'தூத்தே' என்றால் ஐயுறுவது, முன்னால் ஒரு 'ஸ' சேர்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிப்பது. அவர்களும் நம்மைப் போலத் தத்தளித்தவர்கள்தான்.

இடைச்சொல்:
ஸ்காட்லாந்து விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெயிலைப் படிக்கிறவர் ஸ்காட்லாந்துக்காரராக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டா அனுப்ப முடியும்?

பழையபேனா:
நன்றாகச் சொன்னீர்கள். 'நோ டவுட்' ஒன்றுதான் இதில் வம்பில்லாதது. சந்தேகமே இல்லை, உறுதி.

இடைச்சொல்:
அங்கேயும் வழுக்கும், ஐயா. 'நோ டவுட் யூ ஆர் டயர்ட்' என்றால் 'களைப்பாகத்தான் இருப்பீர்கள்' என்ற ஊகம். பல நேரம், அடுத்து ஒரு 'ஆனால்' போட்டு மறுப்பதற்கு முன்னால் கொடுக்கிற சின்ன விட்டுக்கொடுப்பு. அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் 'வித்தவுட் டவுட்' அல்லது 'தேர் இஸ் நோ டவுட்'.

பழையபேனா:
முப்பது ஆண்டுகளாக உறுதி என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். சரி, குறித்துக்கொள்கிறேன்.

மணல்கடிகை:
ஐயோ, இருங்க. போன வாரம் அதே குழுவுக்கு ஒரு ரிப்போர்ட்ல 'ஐ டவுட் தி வால்வ் இஸ் லீக்கிங்'னு எழுதினேன். லீக் ஆகுதோன்னு சந்தேகம், வந்து பாருங்கன்னு சொல்ல வந்தேன். அவங்க வால்வைப் பத்தி இன்னிவரைக்கும் வாயே திறக்கல! அலட்சியம்னு இங்க திட்டிக்கிட்டு இருக்கோம்.

இடைச்சொல்:
அவர்கள் உங்கள் பேச்சை நம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். லீக் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு யார் வந்து பார்ப்பார்கள்? உடனே 'ஐ சஸ்பெக்ட் தி வால்வ் இஸ் லீக்கிங்' என்று திருத்தி அனுப்புங்கள். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் 'ஐ திங்க் தி வால்வ் மே பி லீக்கிங்'.

தூறல்:
இலக்கண விவாதத்துல தண்ணி ஒழுகுறது இப்பத்தான் பாக்கறேன்.

குறுக்குச்சால்:
வினைச்சொல் விஷயத்தில் இறங்கி வருகிறேன், ஒழுகுகிற வால்வோடு வாதாட முடியாது. பெயர்ச்சொல்லில் மட்டும் ஓர் அங்குலமும் நகர மாட்டேன். நமக்குள் எழுதும்போது டவுட் கேள்விதான்.

பழையபேனா:
நமக்குள் என்றால் நானும் மறுக்கவில்லை. அந்த 'நமக்குள்' எங்கே முடிகிறது என்று தெரிந்து எழுதுங்கள் என்கிறேன்.

மணல்கடிகை:
திருத்தி அனுப்பிட்டேன். நாளைக்கே வால்வைப் பாக்க ஆள் அனுப்பறாங்களாம். ஆனா மேனேஜர் மெயிலை எப்படி முடிச்சிருக்கார் தெரியுமா? 'எனி அதர் டவுட்ஸ்?'

குறுக்குச்சால்:
பார்த்தீர்களா! அவரே நம் பக்கம் வந்துவிட்டார்!

பழையபேனா:
கிண்டல் செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.