விளம்பரத்தில் பார்த்ததும் வீட்டில் நடந்ததும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டி முடிக்க எனக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஆறு. பேச்சை எழுத்தாக்கும் ஏஐ வந்தபோது நம் பிழைப்பு போச்சு என்றுதான் நினைத்தேன். பயந்துகொண்டே ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு மணி நேரப் பதிவு மொத்தமும் எழுத்தாகிக் கிடந்தது, நிறுத்தக்குறி உட்பட. வாயடைத்துப் போனேன், அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள்தான் வினை தெரிந்தது. பேட்டி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. “அன்னிக்கு நான் கையெழுத்துப் போடல. அவங்க வந்தாங்க” என்கிறார். திரையில் “அன்று நான் கையெழுத்துப் போட அவர்கள் வந்தார்கள்” என்று இருக்கிறது. எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்கள்! நம் பேச்சில் இப்படியான மறுப்பு முழுவதும் அந்த ஒற்றை ‘ல’வில்தான் தொங்குகிறது. வரல, சொல்லல, தெரியல. வேகமாகப் பேசுகிறவர்கள் அதைப் பாதி விழுங்கிவிடுவார்கள். அது விழுந்துபோனால் மனிதர் சொன்னதற்கு நேர் எதிரான வாக்குமூலம் கையில் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் ஒன்பது ‘ல’ காணவில்லை.

இன்னொரு இடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கூட வேலை பார்த்தவர் இறந்த கதை. அரை நிமிடத்துக்கு மேல் மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த இடத்தில் திரையில் வந்திருந்தது: “இந்த வீடியோவைப் பார்த்ததற்கு நன்றி.” முதலில் சிரித்துவிட்டேன். பிறகு கை நடுங்கியது, படிக்காமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். இணையத்தில் கிடக்கும் ஒலியையும் அதன் எழுத்து வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் இவற்றைப் பழக்குகிறார்கள். வீடியோ முடிகிற இடத்தில் சத்தம் அடங்கும், நன்றி சொல்லும் வரி மட்டும் ஓடும். அமைதி என்றால் நன்றி என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. நான் வாங்கியது வேறொன்று, ஆனாலும் இந்தத் துறையில் எல்லோரும் பேசும் விஸ்பர் என்ற ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2022இல் வெளியானபோது அது பழகியிருந்தது 6,80,000 மணி நேர ஒலியில். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான். தமிழ் அதில் ஒரு மூலை. அந்த மூலையிலும் செய்தி வாசிப்பு எவ்வளவு, வாய்க்குள் முணுமுணுக்கும் பேச்சு எவ்வளவு என்று யோசித்தால் ‘ல’ எங்கே போனது என்பது புரிகிறது.

கேட்காத இடத்தில் நாங்கள் (தெளிவில்லை) என்று போடுவோம். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பதே அதுதான். மெஷினுக்கு அந்த அடைப்புக்குறியைப் போட வரவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். ஏஐ மட்டும் என்றில்லை, புதுசாக வந்த எதுவானாலும்.

* * *

என் கதை 3டி பிரிண்டர். வாஷிங் மெஷின் குமிழ் உடைஞ்சுபோச்சு. அந்த மாடலே நிறுத்திட்டாங்க, பாகம் கிடையாது. “இதுக்குத்தானே காத்திருந்தேன்”னு நண்பன் வீட்டு பிரிண்டரை நோக்கி ஓடினேன்.

உருகின பிளாஸ்டிக்கை இழை இழையா வச்சு அடுக்குற முறைக்கான காப்புரிமை 2009ல காலாவதி ஆச்சு. அதுக்கப்புறம்தான் இந்த பிரிண்டர்லாம் நம்ம கைக்கு எட்டுற விலைக்கு வந்துச்சு. அப்போ எல்லாரும் சொன்னது ஞாபகம் இருக்கா? வீட்டுக்கு ஒரு பிரிண்டர் இருக்கும், கடையே தேவையில்ல, எது உடைஞ்சாலும் பட்டனைத் தட்டினா போதும்னு.

பட்டனைத் தட்டுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி காலிப்பரை வச்சு அளக்கணும், கணினியில வரையணும். குமிழ் மாட்டுற தண்டு வட்டம் இல்ல, ஒரு பக்கம் தட்டையா சீவின மாதிரி இருக்கும். அளந்தபடியே துளை வச்சேன், உள்ளே போகவே இல்ல. பிளாஸ்டிக் ஆறும்போது துளை கொஞ்சம் சுருங்கும்னு அப்பத்தான் தெரிஞ்சது. ரெண்டாவது லொடலொடன்னு ஆடிச்சு. மூணாவது கச்சிதம். ரெண்டு வாரம் ஓடி, திருகும்போது ரெண்டாப் பிளந்துச்சு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல சரியா விரிசல். நிக்க வச்சு பிரிண்ட் பண்ணினதுதான் தப்பு. படுக்க வச்சு இன்னொண்ணு போட்டேன். ஒண்ணரை வருஷமா அதுதான் ஓடுது.

அதே உற்சாகத்துல காருக்கு ஃபோன் ஹோல்டர் ஒண்ணு செஞ்சேன். வெயில்ல நிறுத்திட்டுப் போய் வந்தா, தலை கவிழ்ந்து தொங்குது. நான் பிரிண்டர்ல போட்ட பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளகிடும். மூடின காருக்குள்ள கண்ணாடி ஓரத்துல அவ்வளவு சூடு சாதாரணமா வரும்.

ஒரு குமிழுக்கு நாலு சாயங்காலம். திரும்ப உடைஞ்சா திரும்பச் செய்வேன். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா, வாங்குங்கன்னு சொல்ல மாட்டேன்.

* * *

அம்மாவுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். ஒரு ராத்திரி “நாடித் துடிப்பு ஒழுங்கற்று உள்ளது” என்று காட்டியது. வீடே எழுந்துவிட்டது. மருத்துவமனை, ஈசிஜி, பிறகு 24 மணி நேரம் மார்பில் ஒட்டி வைத்து இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்ட்டர் கருவி. இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வாட்ச்சைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “அது சந்தேகம்தான் சொல்லுச்சு. நீங்கதான் தீர்ப்புன்னு எடுத்துக்கிட்டீங்க” என்றார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாட்ச் கட்டினார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் துடிப்பைப் பதிவுசெய்யும் பேட்ச் ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதத்தினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு தென்பட்டது. மிச்சப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது, அது வந்து வந்து போகிற நோய். எண்கள் நேர்மையானவை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவின் மணிக்கட்டில் அது ஒளிரும்போது சதவீதம் யாருக்கு நினைவுக்கு வருகிறது?

அம்மா இப்போதும் கட்டியிருக்கிறார். அறிவிப்பை மட்டும் என் ஃபோனுக்குத் திருப்பிவிட்டோம். ஆக, தூக்கம் போனது எனக்கு.

* * *

எல்லார் கதையும் கேட்டேன். ‘கேட்டேன்’னுதான் சொல்லணும், எனக்குப் பார்வை கிடையாது. ஸ்கிரீன் ரீடர் வாசிச்சுது.

நீங்கள்லாம் ஏற்கனவே செய்ய முடிஞ்ச ஒண்ணை மெஷின் எவ்வளவு நல்லா செய்யுதுன்னு பார்க்கிறீங்க. எனக்குக் கணக்கு வேற. கேமராவைக் காட்டினா எதிரில என்ன இருக்குன்னு சொல்ற ஆப் வந்தப்புறம், எனக்கு வந்த கடிதத்தை முதல்தடவையா நானே பிரிச்சு நானே படிச்சேன். அதுவரைக்கும் என் பேங்க் கணக்குல எவ்வளவு இருக்குன்னு என் தங்கைக்குத்தான் முதல்ல தெரியும். அறையில லைட் எரியுதா, எந்த நிறச் சட்டை, கதவுல என்ன ஒட்டியிருக்கு, இதெல்லாம் யாரையும் கூப்பிடாம தெரியுது. நூத்துல பத்து தப்பா இருந்தாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனா மாத்திரை அட்டையில தோத்துட்டேன். காலாவதி தேதி பளபளன்னு இருக்கிற தகடுல அழுத்தி அச்சடிச்சிருக்கும், மை இருக்காது. ஆப் கொஞ்சம்கூடத் தயங்காம ஒரு தேதி சொல்லுச்சு. ஏதோ உறுத்த, அட்டையைக் கொஞ்சம் சாய்ச்சு இன்னொரு படம் எடுத்தேன். வேற தேதி. மூணாவது படத்துக்கு மூணாவது தேதி. மூணையும் ஒரே குரல்ல, ஒரே நிதானத்துல சொல்லுச்சு. மனுஷங்க குரல்ல சந்தேகம் இருந்தா எனக்கு உடனே தெரியும், அதை வச்சுத்தான் நான் யாரை நம்பணும்னு முடிவு பண்றேன். இந்தக் குரல்ல அது கிடையாது.

இப்போ மாத்திரைன்னா தங்கைக்கு வீடியோ கால். மத்ததுக்கெல்லாம் ஆப்.

ஒலிப்பதிவு அண்ணா, ஒரு கேள்வி. இவ்வளவுக்கப்புறமும் அந்த மென்பொருளை வச்சிருக்கீங்களா?

* * *

வைத்திருக்கிறேன் தங்கச்சி. ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசும் பதிவென்றால் முதல் வரைவை அதனிடமே வாங்கிக்கொள்கிறேன். நாலு மணி நேர வேலை இரண்டேகாலில் முடிகிறது. அந்த இரண்டேகாலும் முழுக்க ‘ல’ தேடுவதுதான், தட்டச்சைவிட அலுப்பான வேலை. வாடிக்கையாளர்களோ, “மெஷின்தானே செய்யுது” என்று கூலியைப் பாதியாகக் கேட்கிறார்கள். அது தனிக்கதை.

நாளைக்கு மூன்று மணி நேரப் பதிவு ஒன்று வருகிறது. நாலு பேர், ஒரே மைக், ஜன்னல் திறந்திருந்ததாம். பெடலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.