மனைவி, பிள்ளைகள் கோவைக்கு, நான் பிராம்ப்டனில்: சைல்ட் பெனிஃபிட் தொடருமா?

கோவை_டு_பிராம்ப்டன்:

வணக்கம். நாங்கள் நால்வரும் கனடாவில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை). பிள்ளைகளுக்கு வயது 4, 8. வரும் ஜூலை 10 அன்று மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறார். பள்ளியில் சேர்ப்பதாகத் திட்டம். நான் வேலைக்காக அடுத்த மார்ச் வரை இங்கேயே இருப்பேன். அதன் பிறகு நானும் கிளம்பலாம்; வேலை நன்றாக அமைந்தால் இரண்டு வருடத்தில் அவர்கள் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. இன்னும் முடிவாகவில்லை.

சிசிபி (கனடா சைல்ட் பெனிஃபிட்) பணம் மனைவியின் அக்கவுண்டுக்கு வருகிறது. 2024 குடும்ப வருமானம் சுமார் 70,000 டாலர். என் சந்தேகங்கள்: பணம் எந்த மாதத்தோடு நிற்கும்? நான் இங்கேதான் இருக்கிறேன், வரி கட்டுகிறேன் என்பதால் என் பெயருக்கு மாற்றி வாங்க முடியுமா? நாமாகப் போய்ச் சொல்ல வேண்டுமா, அல்லது அவர்களே நிறுத்துவார்களா? பிள்ளைகள் பெயரில் இருக்கும் ஆர்இஎஸ்பியை (கல்விச் சேமிப்புக் கணக்கு) என்ன செய்வது?

---

ஸ்காபரோ_கணக்கர்:

உங்கட கேள்விக்கு மறுமொழி ஒரேயொரு விசயத்தில தொங்குது: வரிச்சட்டப்படி உங்கட மனைவி எந்த நாள் வரைக்கும் கனடாவில வசிக்கிற ஆள்? சிசிபி எடுக்கிறவர் கனடாவில வரிக்கான வசிப்பாளரா இருக்கவேணும், பிள்ளை அவரோட வாழவேணும், பிள்ளையை முக்கியமாப் பாக்கிற ஆளும் அவரா இருக்கவேணும். மூண்டும் ஒரே ஆளிட்ட இருக்கவேணும்.

உங்கட பேருக்கு மாத்துற கதையை இதை வச்சே முடிக்கலாம். நீங்கள் வசிப்பாளர், சரி. ஆனா பிள்ளையள் உங்களோட இல்லை, கோயம்புத்தூரில தாயோட. அப்ப உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டில தாயும் தகப்பனும் இருந்தால் தாய்தான் முதன்மையாப் பாக்கிறவர் எண்டு சட்டமே எடுத்துக்கொள்ளும். தகப்பன் விண்ணப்பிக்கிறதெண்டால் தாயிட்ட இருந்து கடிதம் வேணும். தாயே பிள்ளையளை வைச்சுப் பாக்கேக்க அப்படியொரு கடிதம் எழுதிக் குடுத்தால் அது பொய்க் கடிதம்.

இப்ப மனைவியின்ர நிலைமை. கனடாவில வீடு, கணவன் அல்லது மனைவி, பிள்ளையள், இந்த மூண்டையும் சிஆர்ஏ (கனடா வருமானவரித் திணைக்களம்) பெரிய பிணைப்பு எண்டு பாக்கும். வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்ட், லைசென்ஸ், கார் எல்லாம் சின்னப் பிணைப்பு. உங்கட மனைவிக்குப் பிள்ளையள் அங்க, ஆனா வீடும் நீங்களும் இங்க. அதனால அவ வெளிநாட்டில இருந்தாலும் வசிப்பாளராத் தொடரலாம் எண்டு ஒரு வாதம் இருக்கு. வழமையா வெளியேறின நாள் எண்டு எடுக்கிறது மூண்டில கடைசியா வாற நாளை: அவர் போன நாள், துணையும் பிள்ளையளும் போன நாள், போற நாட்டில வசிப்பாளரான நாள்.

ஆனா இதுக்கொரு விதிவிலக்கு இருக்கு, கனபேர் இதில தான் விழுறவை. கனடாவுக்கு வர முதல் எந்த நாட்டில வாழ்ந்தாரோ, அதே நாட்டுக்கு நிரந்தரமாக் குடியிருக்கத் திரும்பிப் போறவருக்கு, துணை வீடு விக்கவோ வேறை அலுவல் முடிக்கவோ கொஞ்சக்காலம் பின்தங்கினாலும், அவர் போன நாளிலேயே வசிப்பு முடிஞ்சுது எண்டுதான் சிஆர்ஏ பெரும்பாலும் எடுக்கும். நீங்கள் மார்ச்சில போறதெண்டு முடிவெடுத்தால், மனைவியின்ர நாள் ஜூலை 10 தான். மார்ச் இல்லை.

---

கணக்குப்பிள்ளை:

எண்களை நான் போட்டுவிடுகிறேன். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான தொகை விவரப்படி, 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வரை 6,748. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 14,745. வருமானம் 37,487-ஐத் தாண்டிய தொகையில் இரண்டு பிள்ளைகளுக்கு 13.5% கழிப்பார்கள் (81,222 வரை இந்த விகிதம், அதற்கு மேல் வேறு). 70,000 கழித்தல் 37,487 என்றால் 32,513, அதில் 13.5% 4,389. மீதி ஆண்டுக்கு 10,356, மாதம் 863 டாலர்.

உரிமை ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் பார்க்கப்படுகிறது. ஜூலை 10 அன்று வசிப்பு முடிகிறது என்றால், ஜூலை 1 அன்று எல்லா நிபந்தனையும் சரியாக இருந்ததால் ஜூலை 20-ஐ ஒட்டி வரும் தொகை உங்களுடையது. ஆகஸ்டில் இருந்து வருவது உங்களுடையது அல்ல. யாரும் சொல்லாமல் மார்ச் வரை வந்துகொண்டே இருந்தால் 8 மாதம், கிட்டத்தட்ட 6,900 டாலர். மறுகணக்கீட்டு நோட்டீஸ் வரும்போது மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். கையில் கட்டாவிட்டால் வரி ரீஃபண்ட், ஜிஎஸ்டி கிரெடிட், பிறகு எப்போதாவது மீண்டும் சிசிபி வாங்கினால் அது, எல்லாவற்றிலும் பிடித்துக்கொள்வார்கள்.

"அவர்களே நிறுத்துவார்களா" என்று கேட்டீர்கள். நிறுத்துவார்கள், தாமதமாக. சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. சிஆர்ஏவின் இணையக் கணக்கான மை அக்கவுண்டில் வெளிநாட்டு முகவரியைப் போட்டுவிட்டு "சொல்லியாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். முகவரி மாற்றம் வேறு, வசிப்பு முடிந்த தேதியைச் சொல்வது வேறு. பெனிஃபிட் பிரிவுக்கு போன் செய்து தேதியைச் சொல்லிவிட்டு, பேசிய நாளையும் எதிர்முனையில் இருந்தவரின் அடையாள எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான வரிக் கணக்கில் மனைவியின் முதல் பக்கத்தில் வெளியேறிய தேதியை எழுத வேண்டும். அடுத்த ஏப்ரல் 30-க்குள் தாக்கல். போனில் ஒரு தேதி, கணக்கில் வேறு தேதி என்று இருந்தால் அதற்கே ஒரு கடிதம் வரும்.

விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுவது 2020 முதல் எல்லைப் பணியகத்தில் பதிவாகிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை என்ற பழைய தைரியம் இனி வேலைக்கு ஆகாது.

---

கோவை_டு_பிராம்ப்டன்:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியென்றால் "இரண்டு வருடம் மட்டும் போகிறோம், திரும்பி வருவோம்" என்று முடிவு செய்து, நான் இங்கேயே தங்கிவிட்டால் பணம் தொடரும், சரிதானே? இன்னொன்று. ஒரு நண்பர், "தனித்தனி நாட்டில் இருக்கிறீர்கள், செப்பரேட்டட் என்று போடு, உன் வருமானம் கணக்கில் வராது, தொகை கூடும்" என்கிறார்.

---

ஸ்காபரோ_கணக்கர்:

நண்பரின்ர யோசனையை இண்டைக்கே விடுங்கோ. பிரிஞ்சிருக்கிறது எண்டு வரிச்சட்டம் சொல்லுறது உறவு முறிஞ்சு குறைஞ்சது 90 நாள் தனியா இருக்கிறதை. வேலைக்கோ படிப்புக்கோ வேற நாட்டில இருக்கிறது பிரிவு இல்லை. தெரிஞ்சு பொய் எழுதினால் எடுத்த காசு போக, அந்தத் தொகையில 50% அபராதமும் போடலாம். வெளிநாட்டில இருக்கிற துணையின்ர உலக வருமானமும் குடும்பக் கணக்கில சேரும், அதையும் நினைவில வச்சிருங்கோ.

முதல் கேள்விக்கு: தொடரலாம், ஆனா உறுதியில்லை. காரணம் கனடா–இந்தியா வரி ஒப்பந்தம். ஒரு ஆள் இரண்டு நாட்டுச் சட்டப்படியும் வசிப்பாளரா இருந்தால், எந்த நாட்டு ஆள் எண்டு ஒப்பந்தம் முடிவெடுக்கும். ஜூலை 10 இல இருந்து மார்ச் 31 வரை 260 நாளுக்கு மேல. இந்தியாவில 182 நாள் எண்ட வரம்பைத் தாண்டியாச்சு, அந்த நிதியாண்டிலேயே அவ அங்க வசிப்பாளர். பிறகு நிரந்தர வீடு எங்க எண்டு பாப்பினம். இரண்டு நாட்டிலயும் வீடு இருந்தால், வாழ்க்கையின்ர மையம் எங்க எண்டு பாப்பினம். பிள்ளையள் பள்ளிக்கூடம் போறது அங்க, அன்றாடச் சீவியம் அங்க எண்டால் தராசு இந்தியப் பக்கம் சாயும். அப்படிச் சாஞ்சால், இங்க வீடும் கணவனும் இருந்தாலும் கனடா அவவை வசிப்பாளர் இல்லாத ஆளா எடுக்கும், சிசிபி போகும்.

இந்தப் பகுதியை மாத்திரம் ஒரு நல்ல வரிக் கணக்காளரிட்ட, ஒப்பந்தம் தெரிஞ்சவரிட்ட, காசு குடுத்துக் கேளுங்கோ. என்ஆர்73 எண்டு ஒரு படிவம் இருக்கு, சிஆர்ஏயிட்ட கருத்துக் கேக்கிறதுக்கு. கட்டாயமில்லை. யோசிக்காமல் நிரப்பி அனுப்பினால், பிறகு நீங்களே எழுதின மறுமொழியளை வைச்சு உங்களிட்டயே கேள்வி கேப்பினம். ஆலோசனை கேட்ட பிறகு நிரப்புங்கோ.

நீங்களும் மார்ச்சில போறதெண்டால் வீட்டை உறவுக்காரருக்குச் சும்மா விட்டிட்டுப் போறதும், வேற ஆளுக்கு சந்தை வாடகையில நீண்ட குத்தகைக்குக் குடுக்கிறதும் ஒண்டில்லை. இரண்டாவது மாதிரிக் குடுத்த வீட்டை சிஆர்ஏ பொதுவாப் பெரிய பிணைப்பா எடுக்காது. கனடாவிலயும் வெளியிலயும் இருக்கிற உங்கட சொத்துகளின்ர சந்தை மதிப்பு மொத்தமா 25,000 டொலருக்கு மேலயெண்டால் டி1161 படிவமும் போடவேணும், பிந்தினால் ஒரு நாளைக்கு 25 டொலர், ஆகக்கூடினது 2,500. இது சிசிபிக்கு வெளியாலதான், ஆனா அதே வரிக் கணக்கில சேர்ந்து வாறதால சொல்லிவைக்கிறன்.

---

மார்க்கம்_அக்கா:

தொடர்வது என்று முடிவு செய்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, தம்பி. இரண்டு பேரும் ஒவ்வொரு ஆண்டும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும். ஒருவர் விட்டாலும் ஜூலையில் புதிய பெனிஃபிட் ஆண்டு தொடங்கும்போது பணம் நின்றுவிடும். பலர் "எனக்குக் காரணமே சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள்" என்று புலம்புவது பெரும்பாலும் இதுதான்.

சரிபார்ப்புக் கடிதமும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், பள்ளியின் கடிதம், டாக்டரின் கடிதம், வாடகை அல்லது வீட்டுக் கடன் தாள் என்று கேட்பார்கள். கோவை பள்ளி கொடுக்கும் கடிதத்தில் "2 ஆண்டு" என்று இல்லாமல் சாதாரண சேர்க்கை என்று இருந்தால் உங்கள் "தற்காலிகம்" வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும். பிராம்ப்டன் பள்ளியில் இருந்து பிள்ளைகளை எடுக்கும்போது எந்தக் காரணம் எழுதினீர்கள் என்பதும் அப்படியே. முடிவு பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் தேதியில் இருந்து 90 நாளுக்குள் ஆட்சேபம் போடலாம்.

சிலர் "இந்தியாவோடு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இருக்கிறதே" என்பார்கள். 2015-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம் ஓய்வூதியத்துக்கானது. பிள்ளைகள் தொகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரும்பி வரும்போது தானாகத் தொடங்காது. ஆர்சி66 விண்ணப்பமும், அதோடு ஆர்சி66எஸ்சிஎச் இணைப்பும் போட வேண்டும். அதில் திரும்பி வந்த தேதியும், வெளியே இருந்த காலத்தில் உலகம் முழுக்க ஈட்டிய வருமானமும் கேட்பார்கள். 18 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது தற்காலிக பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், பிஆருக்கு இல்லை. வந்ததும் போடுங்கள். 11 மாதத்துக்கு முந்தைய காலத்துக்குக் கேட்டால் கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். பிஆர் தக்கவைக்க 5 ஆண்டில் 730 நாள் இங்கே இருக்க வேண்டும், அதையும் காலண்டரில் எண்ணிக்கொள்ளுங்கள். அது போனால் பிஆர் என்ற அடிப்படையில் சிசிபி கேட்க முடியாது.

இதை வேறு யாராவது படிப்பார்கள் என்பதால்: நிலைமை தலைகீழாக, கணவர் தோகா, துபாய் என்று போய் வசிப்பாளர் நிலையை இழந்து, மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தால் பணம் தொடரும். ஆனால் கணவர் இங்கே வரிக் கணக்குப் போடாததால், அவருடைய உலக வருமானத்தை சிடிபி9 படிவத்தில் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். அங்கே வருமான வரி இல்லை என்பதால் இங்கே எழுத வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. கியூபெக்கில் இருப்பவர்கள் அந்த மாகாணத்தின் குடும்பத் தொகை அலுவலகமான ரெத்ரேத் கியூபெக்குக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், சிஆர்ஏவிடம் சொன்னது அங்கே போகும் என்று நம்பாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை:

ஆர்இஎஸ்பி கேள்வி விட்டுப்போனது. கணக்கை மூட வேண்டியதில்லை, 35-ஆவது ஆண்டு முடிவு வரை திறந்தே இருக்கலாம். ஆனால் பணம் போடும் நாளில் பிள்ளை கனடாவின் வசிப்பாளராக இருக்க வேண்டும். அதனால் மாதாமாதம் தானாக எடுக்கும் ஏற்பாடு இருந்தால், வசிப்பு முடிகிற தேதிக்கு முன்பே நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். இல்லையென்றால் தகுதியில்லாத தொகைக்கு வந்த 20% அரசு கிராண்ட்டைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். ஏற்கெனவே முறையாக வந்த கிராண்ட் கணக்கிலேயே இருக்கும். பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது வசிப்பாளராக இல்லாவிட்டால் அந்தக் கிராண்ட் பகுதியை மட்டும் படிப்புக்கு எடுக்க முடியாது, அரசுக்குத் திரும்பிவிடும். நீங்கள் போட்ட முதல் உங்களுடையதுதான்.