கோதுமையில் புரதமும் துத்தநாகமும் கூட வழி சொல்லுங்கள்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மாவு மில் நடத்துகிறோம், கோதுமை மத்தியப் பிரதேசத்தில் ஒரு விவசாயியிடமிருந்து நேராக வருகிறது. மணி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மாவில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) குறைவு, சப்பாத்தி தேய்த்தால் கிழிகிறது. அவர் யூரியா முழுவதையும் ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறார். ஒரு பங்கைக் கதிர் வரும் சமயத்துக்குத் தள்ளினால் மகசூல் பெரிதாகக் கூடாவிட்டாலும் புரதம் கூடும். கந்தகமும் குறையக் கூடாது. அப்புறம் துத்தநாகம் (ஜிங்க்), மண்ணில் இடுவதைவிட, பூத்தபின் பால் பிடிக்கும்போது 0.5 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசலை இலையில் தெளித்தால்தான் மணியில் நன்றாகச் சேரும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற மாவு, அதனால் எனக்கு இது ரொம்ப முக்கியம். ஜிங்க் சல்பேட்டை யூரியாவோடு ஒரே டேங்கில் கலந்து அடித்தவர்கள் இருக்கிறீர்களா? இலை கருகாமலிருக்க யூரியா எவ்வளவு சேர்த்தீர்கள்? நவம்பர் விதைப்புக்கு முன் அவரிடம் பேசவேண்டும்.