எபாக்சி ரெசினுக்கு தீத்தடுப்பு பவுடர்: ஒண்ணே போதுமா, கலக்கணுமா?

சூரமங்கலம் பட்டறை:
பேனல் போர்டுக்கு சின்ன சப்போர்ட் இன்சுலேட்டர் எபாக்சில காஸ்ட் பண்றேங்க. யூஎல் 94 வி-0 (பிளாஸ்டிக் எரியற டெஸ்ட்ல சீக்கிரம் அணையற கிரேடு) இருந்தா தான் ஆர்டருன்னு பார்ட்டி சொல்லிட்டாரு. இப்ப நூறு பங்கு ரெசின் ஹார்டனருக்கு ஏடிஎச் (அலுமினா ட்ரைஹைட்ரேட்) 60 பங்கு போடறேன், பத்த வச்சா நின்னு எரியுது. கூட என்ன சேக்கலாம்?

செவ்வாய்ப்பேட்டை கெமிக்கல்:
ஒண்ணும் சேக்க வேணாம், போட்டது பத்தல. நூறுக்கு 60னா மொத்தத்துல 37.5 சதம் தான் ஆச்சு, 60 சதம் வேணும்னா நூறுக்கு 150 போடணும். ஏடிஎச் 200 டிகிரிக்கு மேல உடைஞ்சு அதோட எடைல மூணுல ஒரு பங்கு தண்ணியா விடுது, சூட்ட அது இழுத்துக்கும். விலையும் கம்மி, புகையும் கம்மி.

ஏற்காட்டுக்காரி:
150 போட்டு ஒரு தடவ ஊத்திப் பாருங்க சார். வேக்யூம் போட்டாலும் பபுள் வெளிய வராது, மோல்டு மூலைல காத்து நிக்கும், இது இன்சுலேட்டருங்க, உள்ள குமிழி இருந்தா அங்கயே கரன்ட் டிஸ்சார்ஜ் (சின்னப் பொறி) ஆரம்பிச்சு மெல்ல மெல்ல அரிச்சிடும். அதுக்கு தான் கலவை. ஏடிஎச்ச 60லயே வச்சுட்டு கொஞ்சம் ஜிங்க் போரேட், மிச்சத்துக்கு டோபோ மாதிரி பாஸ்பரஸ் ஐட்டம். ஏடிஎச் சூட்ட இழுக்கும், போரேட் மேல கண்ணாடி மாதிரி படலம் கட்டும், டோபோ எரியற வாயுக்குள்ளயே போய் நெருப்ப நிறுத்தும். வேலை வேற வேற.

செவ்வாய்ப்பேட்டை கெமிக்கல்:
டோபோ விலை தெரியுமா மேடம்? அதுவும் போகட்டும், அது சேத்தா டிஜி (ரெசின் இளக ஆரம்பிக்கற சூடு) இறங்கும், பஸ்பார் (கரன்ட் போற உலோகப் பட்டை) சூட்டுல பீஸ் இளகுனா யாரு பதில் சொல்றது?

சூரமங்கலம் பட்டறை:
அப்ப நம்மூரு வெள்ளைக்கல்லுல (மேக்னசைட்) இருந்து எடுக்கற மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, கூடவே அமோனியம் பாலிபாஸ்பேட்? ரெண்டும் நல்ல சரக்குன்னு சொல்றாங்க, ரெண்டும் போட்டா டபுளா நிக்காதா?

ஏற்காட்டுக்காரி:
அங்க தான் மாட்டிப்பீங்க. பாலிபாஸ்பேட் சூட்டுல அமிலமா மாறி ரெசின கரியாக்கி அப்பளம் மாதிரி உப்ப வைக்குது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு காரம், அந்த அமிலத்த பிடிச்சு பாஸ்பேட்டா ஆக்கிடும், அப்புறம் கரி எங்க உப்பும்? தனியா போட்டா அது நல்லது தான், 330 டிகிரி வாக்குல உடையும்.

செவ்வாய்ப்பேட்டை கெமிக்கல்:
பாத்தீங்களா, கலந்தா ஒண்ண ஒண்ணு கெடுக்குது. இதத்தானே முதல்ல இருந்து சொல்றேன்.

ஏற்காட்டுக்காரி:
ஜோடி தப்புன்னா கலக்கறதே தப்பா? ஆன்டிமனி ட்ரையாக்சைட தனியா போட்டுப் பாருங்க, ஒண்ணுத்துக்கும் ஆகாது, ப்ரோமினோட போட்டா தான் நெருப்பு அணையுது. புகை அரிப்பு பிடிச்சதுன்னு இப்ப ஒதுக்கறாங்க, ஆனா ஜோடிக்கு அத விட சாட்சி வேணுமா. பட்டறைக்காரரே, வி-0 எத்தன மில்லிமீட்டர் கனத்துல கேட்டாரு? 6 மில்லில பாஸ் ஆன கலவை 1.6ல ஃபெயில் ஆகலாம்.

சூரமங்கலம் பட்டறை:
3 மில்லிங்க.

செவ்வாய்ப்பேட்டை கெமிக்கல்:
அப்ப ரெசின 60 டிகிரிக்கு சூடாக்கிட்டு, ஏடிஎச் பொடி நறநறன்னு பாதி நைஸ் பாதி கலந்து 120 போடுங்க, ஊத்தற பதத்துக்கு இளகி வரும். சூடு பண்ணா சீக்கிரம் செட் ஆயிடும், அதனால ஒரு தடவைக்கு கொஞ்சமா மட்டும் கலக்குங்க.

ஏற்காட்டுக்காரி:
போடட்டும். கூட என் கலவைலயும் அஞ்சு பட்டை ஊத்துங்க, 10 செகண்ட் தீ, அணைஞ்சதும் மறுபடி 10 செகண்ட். ஒவ்வொரு தடவையும் 10 செகண்டுக்குள்ள அணையணும், அஞ்சுக்கும் சேத்து 50 தாண்டக்கூடாது, கீழ வச்ச பஞ்சு பத்தக்கூடாது. ரெண்டு ரிசல்ட்டையும் இங்கயே போடுங்க.